'ஃபாரினர்' என்றொரு சொல்: வலியசாலையும் 1891ஆம் ஆண்டு விண்ணப்பமும்

திருவனந்தபுரம் வலியசாலையின் அக்கிரகாரத் தெருக்களில் பல தலைமுறைகளாகத் தமிழ் ஒலித்து வருகிறது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிக்கும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என ஆய்வாளர் பலர் கருதுவர். ஆயினும், இத்தகைய தெருக்களில் வாழ்ந்த தமிழ்ப் பிராமணர்களை 1891இல் ஓர் ஆங்கிலச் சொல் அயலாராகச் சுட்டியது. அச்சொல் 'ஃபாரினர்'.

திருவிதாங்கூர், ஆங்கிலக் கண்டனத்தின் வலிமையை அதற்கு முன்பே அறிந்திருந்தது. டல்ஹௌசியின் ஆட்சிக்காலமான 1855இல், நிர்வாகச் சீர்கேட்டைத் திருத்தாவிடில் நாடே பறிபோகும் என்னும் எச்சரிக்கை சென்னை அரசிடமிருந்து மகாராசாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே 'மிஸ்கவர்ன்மென்ட்' என்ற குற்றச்சாட்டின் பேரில் அயோத்தி அரசு கம்பெனியோடு இணைக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு கண்டனச் சொல் அரியணையையே அசைக்க வல்லதாயிருந்தது. கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ் திவானாகி நிர்வாகத்தைச் சீர்செய்த பின்னரே, கண்டித்த அதே மொழியில் 'மாடல் ஸ்டேட்' என்னும் புகழ்மொழி வந்தது.

ஆங்கிலம் கற்ற அடுத்த தலைமுறை அவ்வாயுதத்தைத் தானே கையிலெடுத்தது. மகாராசா கல்லூரி மாணவரான ஜி. பரமேசுவரன் பிள்ளை, திவான் இராமையங்காரின் ஆட்சியைச் சாடி 'வெஸ்டர்ன் ஸ்டார்' ஏட்டில் எழுதினார், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். சென்னை சென்று இதழாளரான அவர், 1891 சனவரியில் ஸ்ரீமூலம் திருநாளிடம் அளிக்கப்பட்ட மலையாளி மெமோரியலுக்கு முன்னின்று உழைத்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டனர்.

விண்ணப்ப ஆங்கிலத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. மன்னரைப் போற்றித் தொடங்கும், பணிந்து முடியும். கண்டனம் இடையில் அமைதியாக அமர்ந்திருக்கும். உயர்பதவிகளில் மண்ணின் மக்களுக்கு இடமில்லை என்ற முறையீட்டில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் கூர்மை வசையில் இல்லை, வகைப்படுத்தலில் இருந்தது. வசை ஒருவரைச் சுடும். 'அயலார்' என்னும் வகைப்பாடோ, பதவியே காணாத சமையற்காரரையும் கோயில் ஊழியரையும் அவர்தம் பிள்ளைகளையும் ஒருசேர வெளியே நிறுத்தும். தமிழ்ப் பிராமணர் தரப்பு அதே ஆண்டில் எதிர் மெமோரியல் அளித்தது. மறுப்புரைக்கும் ஆங்கிலமே தேவைப்பட்டது.

'நேட்டிவ்' என்ற எதிர்ச்சொல்லும் எல்லோரையும் அணைக்கவில்லை. மெமோரியலில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான டாக்டர் பல்பு, சென்னையில் மருத்துவம் பயின்றும் ஈழவர் என்பதால் சொந்த நாட்டில் பணி மறுக்கப்பட்டவர். மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தவர். 1896இல் அவர் முன்னின்று அளித்த ஈழவ மெமோரியலில் 13,176 பேர் கையொப்பமிட்டனர். அயலாரை விலக்கக் கோரிய மண்ணிலேயே, மண்ணின் மைந்தர் அயலாராக நடத்தப்பட்டதை அது அம்பலப்படுத்தியது.

அதிகாரத்தைக் கண்டிக்கும் சொல் தேவையானது. அது கூர்மையாகவும் இருக்கலாம். ஆனால் திவானை நோக்கி எறியப்பட்ட சொல் தெருவில் விழும்போது, அங்கே நிற்பவர் திவானாக இருப்பதில்லை.