உடல் எடைக்கு ஏற்ப விமானக் கட்டணம் நியாயமா?

பயணியின் உடல் எடையையும் பெட்டியின் எடையையும் கூட்டி, கிலோ கணக்கில் கட்டணம் வசூலிக்கும் முறையை 2012ல் சமோவா ஏர் நிறுவனம் தொடங்கியது. அதன் விமானங்கள் சிறியவையாக இருந்தன. எடை கூடினால் எரிபொருள் செலவும் கூடும்.

சிங்கப்பூரில் பெட்டிக்கு மட்டுமே எடைக் கணக்கு. ஸ்கூட் சிக்கனப் பிரிவில் கைப்பைகளுக்கு 10 கிலோ வரம்பு. தேக்காவில் பொருள் வாங்கித் திருச்சிக்குப் புறப்படுவோருக்கு இது பழகிய கணக்கு. பெட்டியில் இரண்டு கிலோ கூடினாலே பணம் கேட்கும்போது உடல் எடைக்கு ஏன் இல்லை என்பது ஒரு சாராரின் வாதம். பெட்டியிலிருந்து பொருளை எடுத்துவிடலாம். உயரத்தையும் நோயையும் கர்ப்பத்தையும் குறைக்க முடியுமா என்பது மறுதரப்பின் கேள்வி.

உடற்பருமனால் உடற்குறையுள்ளோர் உள்நாட்டுப் பயணத்தில் கூடுதல் இருக்கைக்குப் பணம் தர வேண்டியதில்லை எனக் கனடாவின் போக்குவரத்து அமைப்பு 2008ல் தீர்ப்பளித்தது. ஏர் நியூசிலாந்து 2023ல் பயணிகளை எடைபோட்டது பாதுகாப்புக் கணக்கிற்காக மட்டுமே, கட்டணத்திற்காக அல்ல.