சீரங்கப்பட்டணத்தில் ஒரு பகல்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருக எனச் செயலாளர் பணித்தபோது பெரிதும் தயங்கினேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் எழுத்தன் யான். புலவர் பெருமக்கள் எழுதும் இம்மலரில் என் எழுத்துக்கு இடமேது என்றே எண்ணினேன். எனினும், சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் கண்டு வந்த ஒரு பழைய தலைநகர் நெஞ்சைவிட்டு அகலாதிருந்தமையால், அதனையே எழுதத் துணிந்தேன். பிழை காணின் அன்பர்கள் பொறுத்தருள்க.

தூண்டுதல் வந்தது இலண்டன் மாநகரிலிருந்து. அங்குப் பணியாற்றும் என் தமக்கை மகன், ஒரு விடுமுறை நாளில் தனக்கென வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு நகரைச் சுற்றிப் பார்த்திருக்கிறான். தேம்ஸ் நதிக்கரைக் கோட்டை, அரசர்கள் முடிசூடும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம் ஆகியவற்றையெல்லாம் காட்டிய அவ்வழிகாட்டி, இறுதியில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பேழையின் முன்னே கொண்டு போய் நிறுத்தினாராம். உள்ளே மரத்தாற் செய்த புலி ஒன்று. அதன் கீழே மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியன் ஒருவன். பிடியைச் சுழற்றினால் புலி உறுமும்; வீழ்ந்தவன் ஓலமிடுவான். 1799-ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணத்து அரண்மனையிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துச் சென்ற திப்பு சுல்தானின் புலிப்பொம்மை அது. “தாங்கள் அவ்வூரைக் கண்டிருப்பீர்களே?” என்று வழிகாட்டி வினவ, இவன் திருதிருவென விழித்திருக்கிறான். அன்றிரவே கைப்பேசியிற் படத்தை அனுப்பி, “மாமா, நீங்கள் பெங்களூரிலேயே இருக்கிறீர்கள். போய்ப் பார்த்ததுண்டா?” என்று கேட்டான்.

எனக்கு வெட்கமாகி விட்டது. மைசூர் வண்டியில் எத்தனையோ முறை அவ்வூரைக் கடந்திருக்கிறேன். நிலையம் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. இருப்புப் பாதை மதிலை ஊடறுத்துக்கொண்டு செல்கிறது. வண்டி நிற்கும் சிறு பொழுதில் சாளரத்தின் வழியே இடிந்த சுவரைக் கண்டதோடு சரி. பெங்களூரிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர்! ஒருநாள் இறங்கிப் பார்ப்போம் என்று தோன்றியதேயில்லை.

அடுத்த ஞாயிறன்று இல்லாளும், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் உடன்வரப் புறப்பட்டேன். மருமகனைப் போலவே நாமும் நமக்கென ஒரு வழிகாட்டியை வைத்துக்கொள்வோம் என்று, நிலையத்தருகே ஒரு முதியவரைப் பேசி அமர்த்தினேன். கூட்டத்தோடு கூட்டமாகச் சென்றால் கேள்வி கேட்க வழியிராது. இவரோ மண்டியப் பக்கத்துக் கன்னடத்தில் தொடங்கி, எம் முகத்தைப் பார்த்தவுடன் தமிழுக்கு மாறிக்கொண்டார். நாங்கள் நின்ற இடத்தில் நின்றார்; நடந்த இடத்தில் நடந்தார். கொடுத்த கூலி தகும்.

முதலில் அரங்கநாதர் கோயில். காவிரி இரு கிளையாகப் பிரிந்து வளைத்த தீவில், கங்க மன்னர் காலத்தில், கி.பி. 894-இல் எழுந்தது என்பர். இவ்விடம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம், நம் திருவரங்கம் அந்தியரங்கம். மூன்றிடத்தும் ஒரே ஆறு, ஒரே பெருமாள். 1610-இல் இராச உடையார் விசயநகரப் பிரதிநிதியிடமிருந்து இந்நகரைக் கைப்பற்றியது முதல் 1799 வரை மைசூர் அரசின் தலைநகர் இதுவே. கோயிலுக்குச் சற்று எட்டத்தில் திப்புவின் அரண்மனை இருந்த இடம். இப்பொழுது அடித்தளம் மட்டுமே காண்கிறோம். இலண்டனில் உள்ள புலி இங்கேதான் உறுமிக்கொண்டிருந்தது என்று மகளுக்குச் சொன்னேன். அவள் அப்புல்தரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்துச் சென்ற தரியா தௌலத் மாளிகையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1784-ஆம் ஆண்டளவில் திப்பு கட்டிய கோடைக்கால மாளிகை இது. பெரும்பகுதியும் தேக்குமரம். வெளிச்சுவர் முழுவதும் வண்ண ஓவியம். அவற்றுள் பெரியது பொள்ளிலூர்ப் போர். பொள்ளிலூர் எங்குளது என்று இல்லாளைக் கேட்டேன்; மைசூர்ப் பக்கம் எங்கோ என்றாள். அன்று, நம் காஞ்சிபுரத்தருகே! 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை அங்கு நிர்மூலமாக்கினர். ஓவியத்தின் நடுவில் சதுரமாக அணிவகுத்த சிவப்புச் சட்டைப் படை. உள்ளே பல்லக்கில் அமர்ந்த பெய்லி. வெடித்துச் சிதறும் மருந்து வண்டி. சிறைப்பட்டோரைச் சீரங்கப்பட்டணத்திற்குக் கொண்டுவந்தனர். பெய்லி இங்கேயே மாண்டார். அவர் பெயரால் வழங்கும் நிலவறையையும் பின்னர்க் கண்டோம். அவரோடு சிறைப்பட்டவருள் டேவிட் பெயர்டு என்னும் இளந்தளபதியும் ஒருவர். ஏறக்குறைய நான்காண்டு விலங்கோடு கிடந்த அவரே, 1799-இல் கோட்டையைத் தகர்த்து உட்புகுந்த படைக்குத் தலைமை ஏற்றார். கதைகளிற்கூட இத்தகைய திருப்பம் அரிது.

சிவப்புச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், “இவர்களெல்லாம் வெள்ளைக்காரர்களா?” என்று கேட்டாள். வழிகாட்டி சிரித்தார். “பெரும்பாலோர் உங்கள் ஊர்க்காரர்கள், மகளே. சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள்” என்றார். உடனே அவள் என்பக்கம் திரும்பி, “அப்படியென்றால் நாம் எந்தப் பக்கம், அப்பா?” என்றாள்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. எங்கள் பாட்டி, நம் முன்னோர் வேலூரிலிருந்து பட்டாளத்தோடு வந்தவர்கள் என்று பெருமையாகச் சொல்லுவார். அப்பட்டாளம் யாரை எதிர்த்து வந்தது என்று யான் அவரைக் கேட்டதேயில்லை.

வடமேற்கு மூலையில் மதில் உடைபட்ட இடத்திற்குச் சென்றோம். அங்கே 1907-இல் எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்ட ஜெனரல் ஹாரிஸின் படை, ஆம்பூர், இராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக மலையேறி, மார்ச் 27-இல் மளவள்ளியில் பொருது, ஏப்ரல் தொடக்கத்தில் இவ்வூரை வளைத்தது. மழை தொடங்கினால் காவிரி பெருகும், முற்றுகை குலையும், சேனையில் அரிசியும் குறைந்து வந்தது. ஆகவே மே 4-ஆம் நாள், உச்சிவெயிலில், நீர் வற்றிப் பாறை தெரிந்த ஆற்றைக் கடந்து தாக்கினர். மாலைக்குள் கோட்டை வீழ்ந்தது. வாயிலருகே பிணக்குவியலினிடையே சுல்தானின் உடலைக் கண்டெடுத்தனர். மறுநாள் கும்பஸ் மண்டபத்தில் தந்தைக்கும் தாய்க்கும் அருகே அடக்கம் செய்தனர்.

படையென்றால் துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமல்லர். அகழி தோண்டும் பயனியர், எருது ஓட்டுவோர், புல் வெட்டுவோர், பல்லக்குத் தூக்குவோர், சமையற்காரர், வண்ணார், கடைவிரிக்கும் வணிகர் எனப் போர்வீரரினும் பன்மடங்கு மக்கள் பின் சென்றனர். இவர்களுட் பெரும்பகுதியினர் ஆர்க்காட்டுச் சீமையினர். வெற்றிக்குப் பின் கும்பினியார் பதக்கம் வார்ப்பித்தனர்: பிரிட்டானியச் சிங்கம் புலியை வீழ்த்தும் உருவம். பெருந்தளபதிக்குப் பொன், அடுத்தவர்க்கு வெள்ளி, சிப்பாய்க்கு வெள்ளீயம்! எங்கள் வீட்டில் அப்படியொரு பதக்கம் இருந்ததாகப் பாட்டி சொல்லவில்லை. இருந்திருப்பின் பாத்திரக்காரனிடம் போயிருக்கும்.

மகளுக்குரிய விடையை வீடு திரும்பிய பின், நூலகத்து ஏடுகளைப் புரட்டித் தேடினேன். ஐதரின் படை 1780-இல் ஆர்க்காட்டுச் சீமையைச் சூறையாடியது உண்மை. ஊர்கள் எரிந்தன, மக்களையும் மாடுகளையும் ஓட்டிச் சென்றனர். ஆனால் அதே காலத்தில் சேலம், கிருஷ்ணகிரி, கோயமுத்தூர், திண்டுக்கல் ஆகிய தமிழ்ச் சீமைகள் மைசூர் அரசின்கீழ் இருந்தன. திண்டுக்கல்லில் அதிகாரியாயிருந்த காலத்திலேதான் ஐதர் வலிமை பெற்றார். சிவகங்கையை இழந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவரும் அவரே. கொங்குநாட்டுத் தீரன் சின்னமலை திப்புவின் பக்கம் நின்று பொருதார் என்றும் கூறுவர். ஆதலின் மதிலின் இருபுறத்தும் தமிழ் கேட்டிருக்கும்.

கதை இத்தோடு முடியவில்லை. திப்புவின் மக்களை வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தனர். 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன், அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் அக்கோட்டையிற் கிளர்ந்தெழுந்தனர். சமயக்குறிகளை நீக்கவும், புதுவகைத் தலைப்பாகை அணியவும் இட்ட கட்டளையே உடனடிக் காரணம். எழுந்தவர்கள் ஏற்றியது எக்கொடியை? திப்புவின் புலிக்கொடியை! ஏழாண்டுக்கு முன் எப்படை அக்கொடியை இறக்கியதோ அப்படையே ஏற்றியது. இதனை மகளுக்குச் சொன்னபோது, “அப்படியென்றால் அவர்களுக்கே தெரியவில்லை போலும்” என்றாள். தெரிந்தது என்றே யான் கருதுகிறேன். கூலிக்குச் சென்றபோது ஒன்று, மானத்திற்கு எழுந்தபோது மற்றொன்று.

வழிகாட்டி காட்டாமலே விட இருந்த ஓரிடத்தை யானே கேட்டுச் சென்று பார்த்தேன்: ஆற்றங்கரையில் உள்ள பழைய படைக் கல்லறைத் தோட்டம். சுமார் 300 கல்லறைகள். இலங்கையில் ஒல்லாந்தர்க்கு ஊழியஞ் செய்து, பின் ஆங்கிலேயரிடம் மாறிய தெ மூரோன் என்னும் சுவிட்சர்லாந்துப் படையினரும் இங்கே உறங்குகின்றனர். போரில் இறந்தவரினும் பின்னர்க் காய்ச்சலில் மாண்டவரே மிகுதி. பெண்டிர், கைக்குழந்தைகள் பெயரும் உண்டு. இத்தனை கல்லிலும் சிப்பாய் ஒருவன் பெயரைத் தேடினேன், கண்ணிற் படவில்லை.

அந்தக் காய்ச்சல்தான் நம் கதையின் தொடக்கம். வெற்றிக்குப் பின் கும்பினிப் படை தீவிலேயே தங்கியது. சதுப்பு நிலமும் கொசுவும் வாட்டின. ஆதலால் 1809-இல் தண்டு, குளிர்ந்த மேட்டுநிலமாகிய பெங்களூருக்குப் பெயர்ந்தது. அல்சூர் ஏரிக்கரையை அடுத்து அமைந்த அத்தண்டோடுதான் சமையற்காரரும் வணிகரும் குத்தகைதாரரும் ஆகிய நம்மவர் குடிபெயர்ந்தனர். இன்று சிவாஜிநகர் என வழங்கும் பிளாக்பள்ளியும் அல்சூரும் தமிழ் வழங்கும் இடங்களானது இவ்வாறே. 1834-இல் சென்னைப் பயனியர் வழிவந்த சாப்பர் படையும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. இன்றும் ஏரிக்கரையில் இருக்கிறது. 1864 ஆகஸ்ட் 1-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து தண்டு நிலையம்வரை இரயில் ஓடத் தொடங்கியபின் வந்தவர்க்குக் கணக்கேது? அப்பாதை வழியே வந்தவர்களின் வழித்தோன்றல்களே நம் காலனியில் பாதிப்பேர்.

திரும்பும் வண்டிக்குக் காத்திருந்தபோது வழிகாட்டி கடைசியாக ஒன்று காட்டினார். இது எம் துறையைச் சார்ந்ததாகையால் பெருமையோடு எழுதுகிறேன். மைசூர் இரட்டைப் பாதைக்கு, திப்பு காலத்து வெடிமருந்துச் சாலை ஒன்று குறுக்கே நின்றது. இடிக்காமல், ஆயிரம் டன் எடையுள்ள அக்கட்டடத்தை அடியோடு பெயர்த்து, தண்டவாளத்தின்மேல் வைத்து, நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி, 2017-ஆம் ஆண்டு மார்ச்சில் புதிய இடத்தில் அமர்த்தினர். ஒரு செங்கல்லும் குலையாது நிற்கும் அதனைச் சுற்றி வந்த மகள், சுவரின்மேல் கைவைத்துப் பார்த்தாள்.

அதன் படத்தை இலண்டனுக்கு அனுப்பினேன். மறுமொழி உடனே வந்தது: “தை மாதம் வருகிறேன், மாமா. அப்பெரியவரின் கைப்பேசி எண்ணை வாங்கி வையுங்கள்.”