கோயிலை விட்டு நீங்கும் இறைவன்: எருசலேமும் திருவனந்தபுரமும்

1750ஆம் ஆண்டு (கொல்லம் 925) மார்த்தாண்ட வர்மா தம் உடைவாளைப் பத்மநாபசுவாமியின் திருமுன் வைத்து, திருவிதாங்கூர் நாட்டை இறைவனுக்கே உடைமையாக்கினார். திருப்படித்தானம் எனப்படும் அந்நிகழ்வுக்குப் பின் வந்த மன்னர்கள் ‘பத்மநாபதாசர்’ என்னும் பெயரிலேயே ஆண்டனர். இதனை மன்னரின் பக்தியாகக் காண்போர் உண்டு; புதிதாக வென்ற நிலங்களுக்குச் சமயத்தின் ஒப்புதல் தேடிய அரசியலாகக் காண்போரும் உண்டு. இரு தரப்பும் கேட்கத் தவறும் வினா ஒன்று உள்ளது. அடியவனாகிய மன்னன் தவறினால், உடையவன் சார்பில் அவனை விசாரிப்பவர் யார்?

எபிரேய மறைநூல்களின் மையத்தில் இவ்வினா இருக்கிறது. நிலம் இறைவனுடையது என்கிறது லேவியராகமம் 25. அரசன் குதிரைகளையும் மனைவியரையும் பொன் வெள்ளியையும் பெருக்கலாகாது. சட்டநூலின் படியொன்றை வைத்துக்கொண்டு நாள்தோறும் வாசிக்க வேண்டும் என்கிறது உபாகமம் 17. நாபோத்தின் திராட்சைத் தோட்டம் பறிக்கப்பட்ட கதையை இப்பின்னணியில் படிக்க வேண்டும். அங்கே விசாரணை நடக்கிறது, சாட்சிகள் இருவர் வருகின்றனர், தண்டனையும் நிறைவேறுகிறது. சட்டத்தின் வடிவம் அனைத்தும் இருந்தும் நீதி இல்லை. ஆகாபின் முன் எலியா வந்து நிற்பது நில உடைமையாளரின் குரலாக.

இவ்விடத்தில் ஒரு சொல்லைக் கவனிக்கலாம். ‘பாகத்’ என்னும் எபிரேய வினை சந்தித்தல், எண்ணிக்கை எடுத்தல், பொறுப்பில் அமர்த்துதல், கணக்குக் கேட்டுத் தண்டித்தல் ஆகிய பொருள்களைத் தாங்குவது. யாத்திராகமம் 20இல் தலைமுறைகள்தோறும் அக்கிரமத்தைத் தண்டிப்பதைக் குறிக்கும் இவ்வினையைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘விசாரித்தல்’ என்று தந்தது. நலம் கேட்பதும் விசாரிப்பே. குற்றம் ஆராய்வதும் விசாரிப்பே. எபிரேயச் சொல்லின் இருமுகமும் தமிழில் தப்பிப் பிழைத்திருக்கிறது. எளியோரை நலம் விசாரிக்கும் இறைவனே ஆள்வோரைக் குற்றம் விசாரிக்கிறான்.

அவ்விசாரணையின் உச்சம் எசேக்கியேல் நூலில் வருகிறது. நாடு இரத்தப்பழியால் நிறைந்தபோது இறைமாட்சி கருவறையிலிருந்து வாசற்படிக்கும், அங்கிருந்து கிழக்கு வாயிலுக்கும், பின் நகரின் கிழக்கேயுள்ள மலைக்கும் படிப்படியாக நீங்குகிறது (10, 11ஆம் அதிகாரங்கள்). கோயில் இருக்கும்வரை நகரம் வீழாது என்று நம்பியிருந்தோருக்கு இதைவிடக் கடுமையான தீர்ப்பு இருக்க முடியாது.

திருவனந்தபுரத்தைப் பற்றியும் இத்தகைய தீர்ப்பு ஒன்று தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. 1841இல் ஹரிகோபாலன் சீடர் எழுதியதாக அய்யாவழி மரபு கூறும் அகிலத்திரட்டு அம்மானையே அது. திருவிதாங்கூர் மன்னனை அந்நூல் ‘கலிநீசன்’ என்கிறது. சான்றோர் என அது அழைக்கும் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது மன்னன் வரியும் ஊழியமும் சுமத்துகிறான். திருமால் திருவனந்தபுரத்தை விட்டு நீங்கித் திருச்செந்தூர் செல்கிறார். சுவாதித் திருநாள் ஆட்சியில் அய்யா வைகுண்டர் திருவனந்தபுரத்தில் சிறைவைக்கப்பட்ட வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும்போது இப்பகுதியின் அரசியல் கூர்மை விளங்கும்.

ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்பது என் வாதமன்று. வேறுபாடுகளும் பெரியவை. எசேக்கியேலில் உருவ வழிபாடும் குற்றச்சாட்டின் பெரும்பகுதி. அகிலத்தில் சாதிக் கொடுமை முதன்மை பெறுகிறது. எசேக்கியேலின் 43ஆம் அதிகாரத்தில் இறைமாட்சி புதிய கோயிலுக்குத் திரும்புகிறது. அகிலத்திலோ இறைவன் ஒடுக்கப்பட்டோர் நடுவே வைகுண்டராக வருகிறார்.

ஆயினும் இரண்டின் தருக்கமும் ஒன்று. நாடு இறைவனுடையது என்னும் அரசக் கோட்பாட்டை அவை மறுக்கவில்லை. முழுமையாக ஏற்று, அதையே அரசனுக்கு எதிராகத் திருப்புகின்றன. திருப்படித்தானத்தில் அரசனை எதிர்ப்பது இறைவனை எதிர்ப்பதாகிவிடும் இடர் இருந்தது. அகிலம் உடையவனையே அரண்மனைப் பக்கத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. எஞ்சியது ஆண்டவன் இல்லாத தாசன் மட்டுமே.

திருவிதாங்கூர் அரசுரிமை பற்றிய ஆய்வுகளில் திருப்படித்தானம் பெறும் இடத்தை அகிலத்திரட்டும் பெற வேண்டும். உடைமைப் பத்திரத்தை மட்டும் படித்து, அதன்மேல் தொடுக்கப்பட்ட வழக்கைப் படிக்காமல் விடுவது முழு வரலாறாகாது.