கிம் கிம் ஆறும் நம் சட்டமும்



ஜொகூரின் பாசிர் கூடாங்கில் 2019 மார்ச் 7 அன்று, கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுவாயு பரவியது. முதலில் பாதிக்கப்பட்டவர்களுள் அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர்களும் அடங்குவர். நிலைமை தணிந்தது எனப் பலரும் எண்ணியிருக்க, மார்ச் 11 அன்று இரண்டாம் அலை எழுந்தது. மார்ச் 13 அன்று 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர்.

1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி, இத்தகைய கழிவைக் கொட்டுவோருக்கு அன்று விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 5 லட்சம் ரிங்கிட் மட்டுமே. 2024-இல் வந்த திருத்தம் அதனை 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. இடையில் ஐந்தாண்டுகள் கடந்துவிட்டன.

இத்திருத்தத்தை நான் வரவேற்கிறேன். எனினும், தண்டனை குற்றம் நிகழ்ந்த பின்னரே வரும். வாடை வீசும் முதல் நிமிடத்தில் வகுப்பறையில் இருப்பவர் ஆசிரியரே. மாணவரை எங்கே அழைத்துச் செல்வது, யாருக்குத் தெரிவிப்பது, ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் எவர் என்பனவற்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இவ்வாண்டே கூடி எழுதி வைத்தல் வேண்டும்.