திருநெல்வேலி ராஜதுரோக வழக்கு (1908)

திருநெல்வேலி ராஜதுரோக வழக்கு, வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகிய இருவர்மீதும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவின்கீழ் நடந்த குற்ற வழக்காகும். தீர்ப்புத் தொகுப்புகளில் இது ‘சிதம்பரம் பிள்ளை எதிர் எம்பரர்’ என்ற பெயரில் உள்ளது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் தூத்துக்குடியும் அடங்கும்.

1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் ராஜதுரோகத்துக்குத் தனிப் பிரிவு கிடையாது. 1870இல் சேர்க்கப்பட்ட 124அ பிரிவு, தேசியத் தலைவர் திலகர்மீதான முதல் வழக்குக்குப்பின் 1898இல் மேலும் விரிக்கப்பட்டது. அரசின்மீது வெறுப்பு, அவமதிப்பு, விசுவாசமின்மை ஆகியவற்றைத் தூண்டும் பேச்சு அனைத்தும் அதற்குள் வந்தது. தண்டனை, ஆயுள்காலத் தீவாந்தரம் (நாடுகடத்தல்) அல்லது அதற்குக் குறைந்த காலத் தீவாந்தரம். இல்லையேல் மூன்றாண்டு வரை சிறை. மூன்றாண்டுச் சிறைக்கும் ஆயுள் தீவாந்தரத்துக்கும் இடையில் எதை விதிப்பது என்பது முழுக்க நீதிபதியின் கையில் விடப்பட்டது.

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் தொழில் நடத்திய பிளீடர். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவரும் சிவாவும் கூட்டங்களில் பேசினர். மார்ச் 9 அன்று தேசியத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைத் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் கூட்டம் கூட்டிக் கொண்டாடினர். 12ஆம் தேதி கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. இந்துக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

விசாரணை கூடுதல் செஷன்ஸ் நீதிபதி ஏ. எஃப். பின்ஹே முன் நடந்தது. கூட்டங்களில் போலீசார் எடுத்த குறிப்புகளே அரசுத் தரப்பின் முதன்மை ஆதாரம். சுப்பிரமணிய பாரதியும் சாட்சியம் அளித்தார். ஜூலை 7 அன்று வெளிவந்த தீர்ப்பில் சிவாவுக்குப் பத்தாண்டுத் தீவாந்தரம் விதிக்கப்பட்டது. சிதம்பரம் பிள்ளைக்குத் தம் பேச்சுக்காக ஓர் ஆயுள் தீவாந்தரம். சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக, 109ஆம் பிரிவைச் சேர்த்து, இன்னோர் ஆயுள் தீவாந்தரம். ஆயுள் தண்டனையை இருபது ஆண்டாகக் கணக்கிட்டே நாற்பதாண்டுத் தண்டனை என்ற வழக்கு மக்களிடம் நிலைத்தது. உடந்தைக்கான தண்டனைதான் தீர்ப்பின் மிகப் பலவீனமான பகுதி. பேசியவருக்குப் பத்தாண்டு, அவருக்கு இடம் கொடுத்து மேடையில் உடனிருந்தவருக்கு அதே பேச்சுக்காக ஆயுள் முழுவதும். முதன்மைக் குற்றவாளியைவிட உடந்தையாளரை இவ்வளவு கடுமையாகத் தண்டித்ததற்குச் சட்டம் இடம் கொடுத்தது, நியாயம் இடம் கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் அரசின் இந்தியச் செயலர் மார்லியே, இத்தண்டனைகள் நிற்கத் தக்கவையல்ல என்று வைஸ்ராய் மின்டோவுக்கு எழுதினார்.

மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம், தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட்டும் நீதிபதி மில்லரும் அமர்ந்து, நவம்பரில் தீர்ப்பளித்தது. குற்றம் உறுதிசெய்யப்பட்டது, தண்டனை இருவருக்கும் ஆறாண்டாகக் குறைந்தது.

சிதம்பரம் பிள்ளை கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்தார். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்று சென்னை காந்தி மண்டபத்தில் உள்ளது. 1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சன்னதைத் திரும்பப் பெற உதவிய நீதிபதி ஈ. ஹெச். வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். பின்னர் கோவில்பட்டியில் வழக்காடினார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார்.

வன்முறையைத் தூண்டும் அல்லது பொது ஒழுங்கைக் குலைக்கும் பேச்சுக்கு மட்டுமே 124அ பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் கேதார்நாத் சிங் வழக்கில் (1962) வரையறுத்தது. 2022 மே மாதம் அப்பிரிவின் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு அதன் இடத்தில் உள்ளது.