பின்கரணம் நம்மிடம் வந்த வழி

நமது பாடசாலையின் நூறு ஆண்டுகளைப் பற்றி எழுதுவோர் பரீட்சைப் பெறுபேறுகளையும் கட்டடங்களையும் மறக்கமாட்டார்கள். ட்ரில் வகுப்பை யாராவது நினைப்பார்களோ என்ற ஐயத்தில் நான் இதை எழுத முன்வந்தேன்.

விசில் சத்தத்துக்குக் கைவிரித்து, குதிகால் உயர்த்தி, நிமிர்ந்து நின்றோமே, அந்தப் பயிற்சியின் பிறப்பிடம் சுவீடன். பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813இல் ஸ்டொக்ஹோமில் தொடங்கிய நிலையத்தில் உருவான முறை அது. மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் என்ற சுவீடன் பெண்மணி 1881 முதல் லண்டன் பாடசாலைகளில் அதைப் பரப்பினார். 1885இல் பெண்களுக்கென ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியும் தொடங்கினார். பிரித்தானியப் பாடசாலை வழக்கங்களோடு ட்ரில்லும் கடல் கடந்தது. எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்த வடிவில் முதுகு நேராக இருப்பதே எல்லாம், கரணத்துக்கு இடமில்லை.

கரணம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. கண்டிப் பெரஹராவில் நடனக்காரர்கள் பின்புறமாகப் பாய்ந்து எழுவதைச் சிறுவயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறோம். அவர்கள் எல்லோரும் ஆண்கள். கண்டிய நடனத்தைத் தொழிலாக ஏற்று மேடையேறிய முதல் பெண்ணாகப் போற்றப்படுபவர் சித்திரசேனவின் துணைவியார் வஜிரா. தோட்டத்திலும் மாசி மாதக் காமன் கூத்தில் ரதியாக வருபவர் ஆண்தான். தமிழ்நாட்டில் கழைக்கூத்தாடிகளின் சிறுமிகள் தெருவில் கரணம் அடித்தார்கள். ஊர் அதை வயிற்றுப்பாட்டு வித்தையாகவே பார்த்தது. லயத்து வாசலில் நாங்கள் முயன்றாலோ, "பொம்பளப் புள்ள குட்டிக்கரணம் போடுறதா?" என்று ஒரு பாட்டியின் குரல் வரும்.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக் 1928இல் அம்ஸ்டர்டாமில் குழுப் போட்டியாக மட்டும் தொடங்கியது. தனிநபர் போட்டிகளுக்கு 1952 ஹெல்சிங்கி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1972இல் மியூனிக்கில் 17 வயது ஒல்கா கோர்பட், 10 சென்டிமீட்டர் அகலமே உள்ள கட்டையின் மேல் பின்னால் கரணம் அடித்தார். நான்கு ஆண்டுகளின் பின் மொன்றியலில் 14 வயது நாடியா கொமனேச்சி முழுமையான 10 புள்ளி பெற்றபோது, அதைக் காட்ட இலக்கம் போதாத பலகை 1.00 என்று காட்டியது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல். எனவே எங்களுக்கு இவர்கள் பத்திரிகைப் படங்கள் மாத்திரமே. கால்கள் வானத்தில் நிற்கும். அங்கே எப்படிப் போயின என்பது படத்தில் தெரியாது.

பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 'பேக் ஹேண்ட்ஸ்பிரிங்' என்னும் பின்கரணத்துக்கு, இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் முதலில் பின்னே சாய வேண்டும். விழப்போகும் கணத்தில் முழங்கால்களை நிமிர்த்தி உந்தி, கைகளைக் காதோரமாக மேலே வீச வேண்டும். உடல் வில்லாக வளைந்து உள்ளங்கைகள் தரையில் ஊன்றும். உடனே இரு கால்களும் சேர்ந்து தலைக்கு மேலாகச் சென்று இறங்கும். பயந்து பாதியில் உடலைச் சுருக்கினால் முழங்கை மடிந்து தலை தரையில் மோதும். ஆகவே தொடக்கக்காரிக்கு இடுப்பைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த ஆளும், கீழே தடித்த மெத்தையும் வேண்டும்.

எங்களுக்கு இரண்டும் இல்லை. மண்டபம் சீமெந்துத் தரை, வெளியே மழை. பத்திரிகைப் படத்தைப் பார்த்து ஈரப் புல்லில் முயன்ற என் வகுப்புத் தோழி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப்போட்ட கையோடு பேச்சு வாங்கியதும் அவள்தான். புல்லைத் தவிர விரிக்க வேறொன்றும் இல்லாததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன்பின் மைதானத்தில் கரணம் தடை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

2016இல் ரியோவில் திரிபுராவின் தீபா கர்மாகர் பாய்ச்சல் போட்டியில் நான்காவதாக வந்து, 0.15 புள்ளியில் வெண்கலத்தை இழந்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மில்கா கெஹானி, இலங்கையின் முதல் ஜிம்னாஸ்டிக் வீராங்கனையாகப் பங்குபற்றி, தொடக்க விழாவில் நம் கொடியையும் ஏந்தினார். அன்று கைப்பேசியில் என்னை முதலில் அழைத்தவள், மணிக்கட்டை முறித்துக்கொண்ட அதே தோழி. இப்போது அவளுக்குப் பேத்திகள் இருக்கிறார்கள்.

நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். தடித்த பயிற்சி மெத்தைகளும், பிடிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியைக்கான பயிற்சிச் செலவும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதி அனுப்பியிருக்கிறோம்.