நேரமுத்திரையை வினாடிகளாக மாற்றுதல்: தரவுத்தள மரபு குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

தரவுத்தளங்களில் நாளையும் நேரத்தையும் குறிக்கும் நேரமுத்திரை, கணக்கிடும் எளிமை கருதி வினாடிகளின் எண்ணிக்கையாக மாற்றப்படுவதுண்டு. அவ்வெண் ஐயத்திற்கு இடமற்றதாகத் தோன்றினும், எந்த நாளிலிருந்து எண்ணப்பட்டது, எந்த நேர வலயத்தில் எண்ணப்பட்டது என்னும் இரு முடிவுகளைத் தன்னுள் மறைத்துள்ளது. அம்முடிவுகள் உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கப்புள்ளியின் தோற்றம்

1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற்கையேடு, அவ்வாண்டு சனவரி 1 முதல் கழிந்த காலத்தை வினாடியின் 60-இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணியது. 32 பிட் அளவில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 828 நாள்களில் நிறைந்துவிடும். எனவே பின்னர் அலகு முழு வினாடியாகவும், தொடக்கம் 1970 சனவரி 1 ஆகவும் மாற்றப்பட்டன. எதிர்ம எண்களையும் ஏற்கும் 32 பிட் அமைப்பில் இக்கணக்கும் 2038 சனவரி 19 வரையே செல்லும். மேலும், 1972 முதல் 2016 வரை உலக நேரத்தில் சேர்க்கப்பட்ட 27 லீப் வினாடிகளை இது கணக்கில் கொள்வதில்லை. ஒவ்வொரு நாளுக்கும் 86,400 வினாடி என்றே கொள்கிறது.

சார்புகளும் ட்ரிகர்களும்

1992-ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலை, நேரமுத்திரையிலிருந்து ஆண்டு முதல் வினாடி வரையிலான கூறுகளைத் தனித்தனியே பிரித்தெடுக்க வழிசெய்தது. மொத்த வினாடிகளைத் தரும் கூறு அதில் இடம்பெறவில்லை. அக்குறையை ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் நிரப்பியது. மைஎஸ்கியூஎல், பயனரின் இணைப்புக்குரிய நேர வலயத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல், 2012-இல் வெளிவந்த 9.2 பதிப்பு முதல், வலயக் குறிப்பில்லாத நேரமுத்திரையை எத்திருத்தமும் இன்றி எண்ணுகிறது. இதனால் இந்திய நேரத்தில் அவ்வாறு பதியப்பட்ட நிகழ்வு, உலக நேரக் கணக்கைவிட 19,800 வினாடி, அதாவது ஐந்தரை மணி நேரம், மிகையாக வரும்.

அட்டவணையில் மாற்றம் நேரும்போது தானே இயங்கும் ட்ரிகரில் இச்சிக்கல் மேலும் ஆழமாகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 'நவ்' என்னும் சார்பு, பரிவர்த்தனை தொடங்கிய நேரத்தையே இறுதிவரை தரும். ஆகவே ஒரே பரிவர்த்தனைக்குள் நிகழ்ந்த பணியின் கால அளவை அதனைக் கொண்டு கணக்கிட்டால் சுழியமே விடையாகும். உண்மையான கடிகார நேரத்திற்கு 'கிளாக்_டைம்ஸ்டாம்ப்' சார்பே உரியது.

முடிவுரை

மாற்றம் வினவலின்போது நிகழ்ந்தால் மூல நேரமுத்திரை எஞ்சியிருக்கும், பிழையைத் திருத்தலாம். ட்ரிகர் வினாடி எண்ணை மட்டும் சேமித்து மூலத்தைக் கைவிட்டால், எவ்விதியின்படி அவ்வெண் பெறப்பட்டது என்பதைப் பதிவைக் கொண்டே அறிய இயலாது. எண்மப் பதிவுகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர்க்கு இது சான்றின் நம்பகத்தன்மை சார்ந்த சிக்கலாகும். எனவே மூல நேரமுத்திரையையும் அதன் வலயத்தையும் வினாடி எண்ணுடன் சேர்த்துப் பாதுகாத்தல் இன்றியமையாதது.